லாபம், வருவாய், ஆதாயம்: மாற்றி எழுதினால் கணக்கே மாறிவிடும்

ஒரே பக்கத்தில் ‘லாபம்’ ஐந்தாறு முறை வந்துவிட்டால் எழுதுகிறவருக்குக் கை குறுகுறுக்கும். அடுத்த வரியில் வருவாய், அதற்கடுத்து வரவு, பிறகு ஆதாயம் என்று மாற்றிப் போடுவார். கதையில் இது அழகாக இருக்கலாம். தொழில் அறிக்கையில், கடன் விண்ணப்பத்தில், பங்குதாரருக்கு எழுதும் கடிதத்தில் இது பிழை. அங்கே ஒவ்வொரு சொல்லும் கணக்கின் வேறொரு வரியைக் குறிக்கிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் வரட்டும்.

அதிகம் கண்ணில் படுவது வருவாயை லாபம் என்று எழுதுவது. விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் உரிய முழுத்தொகை வருவாய். செலவெல்லாம் போக மிஞ்சுவது லாபம். பேச்சில் டர்ன்ஓவர் என்கிறோமே, அந்த விற்றுமுதலும் வருவாய்ப் பக்கத்துச் சொல்தான். விற்பனை இரண்டு மடங்கான அதே ஆண்டில் நிறுவனம் நஷ்டத்திலும் முடியலாம். ‘லாபம் இரட்டிப்பு’ என்று எழுதுமுன் இரட்டிப்பானது எது என்று பார்த்துவிடுங்கள்.

வரவு இன்னும் அகலமான சொல். பணம் எந்த வழியில் உள்ளே வந்தாலும் வரவுதான், வாங்கிய கடன் உட்பட. வரவு கூடியதால் லாபம் கூடியது என்று சொல்ல முடியாது.

‘மொத்த லாபம்’ நல்ல விவரமானவர்களையும் ஏமாற்றிவிடுகிறது. பேச்சில் மொத்தம் என்றால் எல்லாம் சேர்ந்தது, கடைசித் தொகை. கணக்கிலோ நேர் எதிர்: விற்பனையிலிருந்து பொருளின் அடக்கவிலையை மட்டும் கழித்தால் கிடைப்பது மொத்த லாபம். வாடகை, சம்பளம், வட்டி, வரி எல்லாம் இன்னும் கழிய வேண்டும். கழித்தபின் நிற்பதுதான் நிகர லாபம். ‘இந்த ஆண்டு மொத்தமாகக் கிடைத்த லாபம்’ என்று சொல்ல நினைத்து ‘மொத்த லாபம்’ என எழுதினால், கணக்கர் அதை வேறொரு தொகையாகவே படிப்பார். வெறும் ‘லாபம்’ என்று விடுவதும் போதாது. மொத்தமா, நிகரமா, வரிக்கு முன்பா பின்பா என்று எழுதுங்கள்.

லாப சதவீதத்திலும் இதே குழப்பம். 80-க்கு வாங்கியதை 100-க்கு விற்றால் லாபம் 20. வாங்கிய விலையை வைத்துப் பார்த்தால் இது 25 சதவீதம். விற்ற விலையை வைத்துப் பார்த்தால் 20 சதவீதம். மார்ஜின் என்று பொதுவாகச் சொல்வது இரண்டாவதை. ‘25 சதவீத லாபம் இருக்கிறதே, 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் 5 மிஞ்சும்’ என்று நினைத்தால் போச்சு. 100-இல் 20 சதவீதம் தள்ளினால் விலை 80, அதாவது வாங்கிய விலை. கையில் ஒன்றும் நிற்காது. எந்த விலையின் மேல் சதவீதம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆதாயத்துக்கு இரண்டு முகம். வீடு, நிலம், பங்கு போன்றவற்றை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றால் கிடைப்பது மூலதன ஆதாயம். அங்கே அதுதான் சரியான சொல். மற்ற இடங்களில் கொஞ்சம் கணக்குப் பார்க்கும் வாடை அடிக்கும். ‘அரசியல் ஆதாயம்’ என்று யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. வாடிக்கையாளருக்கு எழுதும்போது பயன், நன்மை போதும்.

‘கொள்ளை லாபம் தரும் தொழில்’ என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதுகிறார்கள். அது நியாயமில்லாத விலை வைப்பவர்மீது வீசும் சொல். நல்ல லாபம் என்றே சொல்லலாம். அப்புறம், ‘லாபம் செய்தோம்’ என்பது தமிழாக இல்லை. லாபம் ஈட்டினோம், லாபம் கிடைத்தது என்பவை அறிக்கைக்குப் பொருந்தும். ‘லாபம் பார்த்தோம்’ பேச்சோடு நிற்கட்டும்.

தனித்தமிழில் எழுத விரும்பி லாபத்துக்கு ‘ஊதியம்’ போடுவதும் உண்டு. திருக்குறளில் ஊதியம் ஆதாயத்தைத்தான் குறிக்கிறது. இன்றைய வாசகருக்கோ அது சம்பளம். லாப நோக்கமற்ற அமைப்பின் கணக்கை எழுதும்போது செலவு போக மிஞ்சியதை உபரி என்று குறிப்பிடுவதே முறை.