சென்சர் வாங்கப் போகுமுன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால், பழைய சென்சர் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு "இதே மாதிரி இருக்கா அண்ணே?" என்று கடை கடையாக ஏறி இறங்கும் யாராவது கண்ணில் படுவார்கள். கேட்டுப் பார்த்தால், மெஷினின் மொனிட்டரில் சென்சர் கோட், அதாவது கோளாறு எண், வந்தது, அதனால் சென்சரைக் கழற்றிக்கொண்டு வந்தேன் என்பார்கள். பாதி நேரம் அந்தச் சென்சர் நல்ல சாமான். 22 வருஷமாக எக்ஸ்கவேட்டர் வயரிங் வேலை செய்கிற நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் திரிந்தேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதோடு, ஊகத்தில் சாமான் மாற்றிப் பார்க்கிற வேலை யாருக்கும் கட்டுப்படியாகாமல் போய்விட்டது.

முதலில் பெட்டரி. இந்த மெஷின்களில் 12 வோல்ட் பெட்டரி இரண்டு தொடராக நின்று 24 தருகின்றன. இஞ்சின் ஓடாமல் இருக்கும்போது இரண்டும் சேர்ந்து 25.2க்கு மேல் இருக்க வேண்டும். ஓடும்போது 27.5இலிருந்து 28.5 வரை. பழைய மெஷினில் ஒரு பெட்டரி புதிது, மற்றது கிழடு என்று கலந்து போட்டிருப்பார்கள், ஆகவே தனித்தனியாகவும் அளந்து பாருங்கள். ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் 18க்குக் கீழே விழுந்தால் மொனிட்டர் சொல்கிற எந்தக் கோட்டையும் நான் நம்புவதில்லை. பெட்டரியைச் சரிபண்ணி, கோட்களைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். எது திரும்பி வருகிறதோ அதுதான் இன்றைய வேலை. மற்றதெல்லாம் முந்தைய மெக்கானிக் பாஸ்மார் விட்டுப்போன சரித்திரம்.

கோட்டை வாசிக்கும்போது சென்சரின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. எஃப்.எம்.ஐ. என்று கோளாறின் வகையைச் சொல்லும் ஒரு எண் வரும் மெஷின்களில் 3 என்றால் சிக்னல் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ். கொமட்சு பி.சி. 200-8இல் இதற்குத் தனித்தனி எண்: கூலன்ட் வெப்பச் சென்சருக்கு சி.ஏ. 144 மேல், சி.ஏ. 145 கீழ். சென்சர் செத்துவிட்டது என்று இந்த எண்கள் எங்கும் சொல்லவில்லை. இஞ்சினின் கம்பியூட்டரான ஈ.சி.எம்.முக்கு வந்து சேர்ந்த வோல்ட் சரியில்லை என்றுதான் சொல்கின்றன. இடையில் இருக்கிற வயரும் பிளக்கும் ஏர்த்தும் அந்தக் கணக்கில் அடக்கம்.

கூலன்ட் சென்சரில் இரண்டு வயர்தான், அதனால் கை பழக அது நல்லது. சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும்: குளிரில் ஆயிரக்கணக்கில் காட்டுவது சூட்டில் சில நூறுக்கு இறங்கும். கீயை ஓன் செய்து, இஞ்சினை ஓட்டாமல், பிளக்கைக் கழற்றுங்கள். மொனிட்டரில் 'மேல்' கோட் வர வேண்டும். பிறகு வயர்ப்பக்கப் பிளக்கின் இரண்டு பின்னையும் மெல்லிய வயர்த்துண்டால் இணையுங்கள். 'கீழ்' கோட்டுக்கு மாற வேண்டும். இரண்டும் சொன்னபடி மாறினால் வயரும் ஈ.சி.எம்.மும் சுகம், இப்போது சென்சர் வாங்கப் போகலாம். கழற்றிய பிறகும் 'கீழ்' என்றே நின்றால் வயர் எங்கோ ஏர்த்தில் முட்டுகிறது. இணைத்த பிறகும் 'மேல்' என்றே நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த இணைக்கிற வித்தையை மூன்று வயர்ச் சென்சரில் செய்யாதீர்கள்.

மூன்று வயர் என்றால் ஒன்றில் ஈ.சி.எம். அனுப்பும் 5 வோல்ட், ஒன்று ஏர்த், ஒன்று சிக்னல். ரெயில் பிரஷர் (எரிபொருள் அழுத்தம்), பூஸ்ட் பிரஷர் (உள்ளே போகும் காற்றின் அழுத்தம்) சென்சர்கள் பெரும்பாலும் இந்த ரகம். சிக்னல் ஏறத்தாழ 0.5க்கும் 4.5க்கும் இடையில் ஓடும். இங்கேதான் ஆட்கள் வழுக்கி விழுவது: அந்த 5 வோல்டைப் பல சென்சர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு வயர் ஏர்த்தில் முட்டினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோட் சேர்ந்து வரும். மூன்று சென்சர் ஒரே நாளில் சாகாது.

மட்டக்குளியில் ஒரு சைட்டில் பி.சி. 200-8 ஒன்று இப்படி நின்றது. சி.ஏ. 352, அதாவது சென்சருக்குப் போகும் 5 வோல்ட் குறைவு. அதோடு இன்னும் இரண்டு. முதலாளி அதற்குள் புது ரெயில் பிரஷர் சென்சர் வாங்கிப் போட்டிருந்தார். பிளக்கில் அளந்தேன், 5 இருக்க வேண்டிய இடத்தில் 0.8. மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு, பொடியனிடம் மற்றச் சென்சர்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். எதையாவது கழற்றும்போது வோல்ட் துள்ளி 5க்கு வந்தால் அதுதான் குற்றவாளி. எல்லாம் கழற்றியும் 0.8 அசையவில்லை. அப்படியானால் வயர். பெட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈ.சி.எம். பிளக்கையும் எடுத்துவிட்டு, 5 வோல்ட் வயருக்கும் இஞ்சின் பிளொக்குக்கும் இடையில் ஓம் பார்த்தபடி ஹார்னஸை, அதாவது வயர்க்கட்டை, ஒரு முழத்துக்கு ஒருமுறை ஆட்டிக்கொண்டே போனேன். இஞ்சினுக்குப் பின்னால் கை வைத்ததும் மீட்டர் ஆடியது. ரப்பர் வைத்த கிளாம்ப் இருந்த இடத்தில் யாரோ கொன்கிரீட் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பியால் ஹார்னஸை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். சைட்டில் கைக்குக் கிடைத்தது அதுதானே. இஞ்சின் அதிர அதிர அந்தக் கம்பி டேப்பையும் குழாயையும் அறுத்து, உள்ளே செம்பில் போய் உட்கார்ந்துவிட்டது. மாற்றியது ஒரு சாண் வயரும் ஒரு கிளாம்பும்.

ஏர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பனைக்கு வரும் பழைய மெஷின்களுக்குப் புது பெயின்ட் அடிப்பார்கள், சிலர் ஏர்த் வயரைக் கழற்றி, அடித்து, பெயின்டின் மேலேயே திரும்பப் பூட்டிவிடுவார்கள். ஓம் அளந்தால் அது பிடிபடாமல் போகலாம். இஞ்சின் ஓடும்போது மீட்டரின் கறுப்புக் கம்பியைப் பெட்டரி நெகட்டிவிலும் சிவப்பை இஞ்சின் பிளொக்கிலும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.2க்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டுங்கள்.

ஊசியால் வயரின் தோலைக் குத்தி அளக்காதீர்கள். கொழும்பு உப்புக்காற்றில் அந்தத் துளை வழியே ஈரம் இறங்கி, சில மாதத்தில் செம்பு பச்சைப் பொடியாகிவிடும். பிளக்கின் பின்பக்கமாக மெல்லிய பின்னை நுழைத்து அளக்கலாம். டெஸ்ட் லேம்பை 5 வோல்ட் வயரில் வைக்கவே கூடாது, அது இழுக்கிற கரண்டுக்கு ஈ.சி.எம். பழகவில்லை. மொனிட்டரும் ஈ.சி.எம்.மும் பேசவில்லை என்று கோட் வந்தால் பெட்டரியைக் கழற்றிவிட்டு, அவை பேசிக்கொள்கிற கேன் வயர் இரண்டுக்கும் இடையில் ஓம் பாருங்கள். 60 அளவில் இருந்தால் நல்லது. 120 என்றால் ஒரு முனையின் ரெசிஸ்டர் லைனில் இல்லை.

வாங்கப் போகும் மெஷினுக்கு நான் காலையில்தான் போவேன், அதுவும் இஞ்சினை யாரும் தொடுமுன். ராத்திரி முழுக்க ஆறிய மெஷினில் கூலன்ட், எரிபொருள், உள்ளிழுக்கும் காற்று மூன்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், கொழும்பில் 27, 28. வெல்லம்பிட்டியில் ஒரு யார்டில் வாடிக்கையாளர் ஒருவரோடு போனபோது, சேர்விஸ் மெனுவில் மற்ற இரண்டும் 28 காட்ட, கூலன்ட் மட்டும் 74 காட்டியது. கோட் ஒன்றுகூட இல்லை. அரை மணிநேரம் ஓட்டினோம், அப்போதும் 74. சென்சர் தன் இடத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குப் போன வயரின் கறுப்பு டேப்பைப் பிரித்தால், வயர் இரண்டும் வெட்டப்பட்டு, எவ்வளவு சூடானாலும் 74 என்றே காட்ட அரிசி மணி அளவில் ஒரு ரெசிஸ்டர் நடுவில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. மறுநாள் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தது.