கல்லாவில் இருந்ததெல்லாம் லாபம் இல்லை

பாலக்கோட்டில் பிவிசி பைப், மோட்டார் சாமான் விற்கும் சின்னக் கடை என்னுடையது. வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டக் கைமாற்று தேட வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு பில் கட்டோடு உட்கார்ந்தேன். 10,000 ரூபாய் பைப், 18 சதவீத வரியோடு 11,800. என் கொள்முதல் 9,000, வரியோடு 10,620. மிச்சம் 1,180-ஐ லாபம் என்று எடுத்துச் செலவழித்திருக்கிறேன். அதில் 180 (விற்பனையில் வாங்கிய வரி 1,800-இல் கொள்முதலில் கொடுத்த வரி 1,620 போக மீதி) அரசாங்கத்துடையது! வாடகை, கரண்ட் பில், லோடு ஆட்டோ எல்லாம் அந்த 1,000-க்குள்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. ஒரு மொத்த வியாபாரி எனக்குப் போட்ட பில்லைத் தன் ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஏற்றவே இல்லை. அதனால் கொள்முதலில் நான் கொடுத்த வரி 1,620-ஐக் கழிக்க முடியாமல் முழு 1,800-ஐயும் கட்டினேன். அந்த விற்பனையில் கைநஷ்டம் 620. இப்போது மாதம் 14-ஆம் தேதி, எனக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி 2பி அறிக்கை வந்ததும் பில் பில்லாக ஒப்பிடுகிறேன். அதில் ஏறாத பில்லுக்கு வரித் தொகையை நிறுத்தி வைத்துத்தான் பணம் அனுப்புகிறேன். முதலில் முறைத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

வரிக்குத் தனி வங்கிக் கணக்கும் தொடங்கினேன். தினமும் கடை சாத்தும் முன் அன்றைய வரி அதற்குப் போய்விடும்.

கடனுக்கு வாங்கிப்போகும் விவசாயிகளின் பாக்கிதான் இன்னும் தீரவில்லை. “தக்காளி விலை ஏறட்டும்ணா, தந்துடறேன்” என்பார்கள். பணம் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கே வரி கட்டியாக வேண்டும். அதனால் வரித் தொகையை மட்டுமாவது அன்றே ரொக்கமாக வாங்கிக்கொள்கிறேன்.