சார்ல்ஸ்டன் போகும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு: பார்பிக்யூ சாப்பிடும் முன்

போயிங் 787 விமானங்களைப் பூட்டும் ஆலை, பெரிய மருத்துவப் பல்கலைக்கழகம் என்று ஏதாவது ஒன்றை நம்பித்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குப் போகிறார்கள். வீடு, கார், மளிகை பற்றிச் சொல்ல ஆளிருக்கும். ஆனால் போன சில நாட்களிலேயே வேலையிடத்தில் யாராவது பார்பிக்யூ சாப்பிடக் கூப்பிடுவார்கள். அதற்கு யாரும் தயார்ப்படுத்தி அனுப்புவதில்லை.

கடலூரில் மாலை நேரத்தில் கம்பியில் சுழலும் கிரில் சிக்கனையும், புதுச்சேரி ஓட்டல்களில் மேசை நடுவே அடுப்பு வைத்துத் தருவதையும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அவை சூட்டில் சீக்கிரம் சுடுபவை. அங்கே அது ராத்திரி முழுக்க நடக்கிற வேலை. ஓக், ஹிக்கரி போன்ற கட்டைகளைத் தனியாக எரித்து, உதிரும் தணலை மண்வெட்டியால் அள்ளி அடுப்புக்குழியில் பரப்புவார்கள். மேலே முழுப் பன்றி, 12 மணி நேரம் அளவுக்குக் கிடக்கும். கொழுப்பு தணலில் சொட்டி எழுகிற புகைதான் கறிக்கு மணம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறைச்சியின் பெயர் சொல்லாமல் ‘பார்பிக்யூ சாண்ட்விச்’ என்று கேட்டால் வருவது பன்றிக்கறிதான். வேண்டாமென்றால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

பன்றி சாப்பிடுபவர்கள் முதலில் கிங் தெருவிலுள்ள ராட்னி ஸ்காட் கடைக்குப் போகலாம். அவர் குடும்பம் 1972 முதல் ஹெமிங்வே என்ற சிற்றூரில் கடை நடத்துகிறது. 2017இல் சார்ல்ஸ்டனில் திறந்தார், அடுத்த ஆண்டே சமையல்காரர்களுக்கு அமெரிக்காவில் தரும் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். கறியில் ஊற்றும் இந்தக் கரையோரத்துச் சாறு (சாஸ்) வினிகரும் மிளகாயும் சேர்ந்தது. புளிப்பும் காரமும் தேடுகிற நம் நாக்குக்கு இதுதான் ஒத்துவரும் என்பது என் கட்சி. மாநிலத்தின் நடுப்பகுதிக்குப் போனால் மஞ்சள் நிறக் கடுகுச் சாறு. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த பழக்கம் என்பார்கள். அதையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பாட்டிலில் விற்கும் இனிப்புத் தக்காளிச் சாறு எனக்கு ஜாம் மாதிரி இருக்கும், விட்டுவிடலாம். நேரமிருந்தால் ஹெமிங்வேக்கே ஒரு சனிக்கிழமை வண்டியை விடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஞாயிறு வேண்டாம். கிராமத்துப் பக்கம் பல கடைகள் அன்று மூடியிருக்கும், வாரக் கடைசியில் மட்டும் திறப்பவையும் உண்டு.

மாட்டுக்கறி சாப்பிடுபவர்களுக்கு லூயிஸ் பார்பிக்யூ. 2016இல் ஜான் லூயிஸ் திறந்தது. இது கரோலினா முறை இல்லை, டெக்சஸ் முறை. நெஞ்சுக்கறியை எடைக்கு வெட்டித் தருவார்கள். ஆளுக்கு அரை பவுண்டு, அதாவது 225 கிராம் போல, தாராளம். கொழுப்புள்ள பகுதியா, கொழுப்பில்லாததா என்று கேட்பார்கள். உடம்புக்கு நல்லது என்று கொழுப்பில்லாததை வாங்கினால் வறண்டிருக்கும். இங்கே வந்து உணவுக் கட்டுப்பாடு பார்ப்பதில் பொருளில்லை.

ஓரத்தில் இளஞ்சிவப்பாக இருக்கிறதே, வேகவில்லையோ என்று பயப்பட வேண்டாம். புகையிலுள்ள வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால் வருகிற வளையம் அது. கோழியிலும் வரும்.

கோழி மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஹோம் டீம் பார்பிக்யூவில் புகையில் வெந்த கோழி இறக்கைகளை வாங்கலாம். மயோனைஸும் வினிகரும் கலந்த அலபாமா வெள்ளைச் சாறு கூட வரும். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் நன்றாகவே இருக்கும்.

ஹலால் மட்டும் சாப்பிடும் பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கடைகள் எதுவும் சரிவராது. ஹலால் கோழி கிடையாது, பெரும்பாலும் பன்றி வெட்டும் பலகையும் கத்தியும் பொதுவாகவே இருக்கும். சைவக்காரர்களுக்கு ஆபத்து கறியில் இல்லை, தொட்டுக்கொள்கிறவற்றில். கொல்லார்டு கீரை என்று ஆசையாகத் தட்டில் வாங்குவீர்கள். பன்றி எலும்போடு வெந்திருக்கும். வேகவைத்த அவரை விதையோடும் பன்றித் துண்டுகள் கிடக்கும். சோளரொட்டியிலும் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட், உருளைக்கிழங்கு சாலட், மக்ரோனி சீஸ் என்று தேடுங்கள், அவற்றையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே வாங்குங்கள்.

சோறு கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஒருகாலத்தில் நெல் விளைந்து பணம் கொழித்த கரை இது. அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பிலும் அறிவிலும் விளைந்த நெல். ‘ரெட் ரைஸ்’ பார்வைக்கு நம் தக்காளிச் சாதம், ஆனால் அதிலும் பன்றி பேக்கன் போடுவது வழக்கம். ‘ஹாஷ் அண்ட் ரைஸ்’ என்பது இறைச்சியைக் குழையக் குழைய வேகவைத்துச் சோற்றின் மேல் ஊற்றுவது. ஈரல் சேர்ப்பதும் உண்டு, நம் ஆட்களுக்கு அந்நியமாக இருக்காது.

கடற்கரை ஊராயிற்றே, புகைபோட்ட மீன் இருக்கும் என்று கடலூர் முதுநகர்க்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். பார்பிக்யூ கடையில் மீனை நம்பிப் போகாதீர்கள். அதற்குப் பதில் குளிர்காலத்தில் சார்ல்ஸ்டன் பக்கத்திலுள்ள போவன்ஸ் தீவில் சிப்பி சாப்பிடுங்கள். நெருப்பின் மேல் இரும்புத் தகடு, அதில் சிப்பியைக் கொட்டி நனைத்த கோணிச் சாக்கால் மூடி ஆவியில் திறக்க வைப்பது இந்தக் கரையின் பழைய முறை. கூடவே ஒரு எலுமிச்சம்பழம் போதும்.

சில்லறை விஷயங்கள். மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், நல்ல துண்டுகள் முதலில் தீரும். உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம், கவுண்டரில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் அவ்வளவு கட்டாயமில்லை. மிஞ்சிய கறியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, மறுநாள் வெங்காயம், கறிவேப்பிலை, மிளகுத்தூள் போட்டு வதக்கித் தோசைக்கு வையுங்கள்.

அப்புறம், வீட்டிலேயே போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு. அடுக்குமாடி பால்கனியில் கரி அடுப்பு மூட்டப் பெரும்பாலும் அனுமதி இருக்காது, வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். பூங்காக்கள் பலவற்றில் பொது அடுப்புகள் இருக்கின்றன. ஓக், ஹிக்கரி, பீக்கன் கட்டைகள் கடைகளில் பையாகவே விற்கும். பைன் வேண்டாம், பிசின் கசக்கும். பற்றவைக்கும் எண்ணெய் ஊறிய கரியையும் வாங்காதீர்கள், கோழியில் மண்ணெண்ணெய் வாடை ஏறிவிடும். கோழியின் நடுக்கறி 74 டிகிரி செல்சியஸ் வரும் வரை பொறுங்கள். பத்து டாலர் வெப்பமானி ஒன்றே போதும்.