நாலு விரல் தண்ணீரும் ஓட்டைக் குவளையும்

மழலையர் வகுப்புக்குப் புதிதாக வரும் டீச்சர்கள் என்னிடம் முதலில் கேட்பது சாமான் பட்டியல்தான். செய்து பார்த்துக் கற்கும் மூலை ஒன்று வைக்க வேண்டும், என்னென்ன வாங்கலாம் என்பார்கள். ஒன்றும் வாங்காதீர்கள் என்பேன். அகலமான ஒரு பிளாஸ்டிக் டப், இரண்டு மூன்று குவளைகள், ஒரு புனல், ஒரு ஸ்பான்ஞ், தண்ணீர். ஆரம்பத்துக்கு இது போதும். சாமான் கூடினால் குழந்தை ஒன்றை எடுக்கும், போடும், அடுத்ததை எடுக்கும், எதிலும் நிற்காது.

டப்பைக் குழந்தைகளின் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகையில் வையுங்கள். தண்ணீர் நாலு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். அடியில் பழைய போர்வை ஒன்றை விரியுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். ஒரு டப்புக்கு நான்கு பேர். ஐந்தாவது குழந்தை வந்தால் கற்றல் போய்ச் சண்டை தொடங்கும். துடைக்கும் துணியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல், அவர்களுக்கு எட்டும் இடத்தில் சிறிய துணிகளாகத் தொங்க விடுங்கள். சிந்தியதைத் துடைப்பதும் பிழிவதும் அவர்களுக்கு விளையாட்டுத்தான். பிழியப் பிழிய விரல்களில் பலம் வரும்; பின்னால் பென்சில் பிடிக்க அது உதவும்.

முதல் ஓரிரு நாள் அடித்துத் தெறிப்பார்கள். சரி, தெறிக்கட்டும். அந்த ஆசை தீர்ந்த பிறகுதான் ஊற்றுவது தொடங்கும். அப்போது அடியில் ஓட்டை போட்ட குவளை ஒன்றை, ஒன்றும் சொல்லாமல், மற்றவற்றோடு வைத்துவிடுங்கள்.

ஒரு சிறுமி அதை நிரப்பி எதிர்ப்பக்கம் இருந்த வாளிக்குக் கொண்டுபோனாள். போய்ச் சேருவதற்குள் காலி. திரும்பி வந்தாள், இன்னும் வேகமாக ஓடினாள். மறுபடியும் காலி. குவளையைத் தூக்கி அடியைப் பார்த்தாள். விரலை வைத்து அடைத்தாள். தண்ணீர் நின்றது. விரலை எடுத்தாள், ஒழுகியது. வாளியை மறந்தே போனாள். வைப்பதும் எடுப்பதுமாக அங்கேயே நின்றுவிட்டாள். அடுத்து இரண்டு ஓட்டைக் குவளை கையில் கிடைத்ததும் இரண்டு விரல். மூன்று ஓட்டைக் குவளைக்கு உள்ளங்கையையே கொடுத்தாள்.

இந்த இடத்தில்தான் டீச்சர்களுக்கு வாய் துறுதுறுக்கும். “என்ன கலர் குவளை? எத்தனை ஓட்டை? எண்ணு பார்க்கலாம்!” என்று நாம் தொடங்கினால், குழந்தை தன் வேலையை விட்டுவிட்டு நம் பரீட்சைக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். கேட்பதற்குப் பதிலாகக் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்: “விரலை வெச்சதும் நின்னுடுச்சே.” அப்புறம் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் குழந்தையே ஏதாவது சொல்லும். சொல்லாவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

உயரமான ஒல்லிக் குவளையும் குட்டையான அகலக் குவளையும் வைத்தால் இன்னொரு வேடிக்கை. ஒரே தண்ணீரைத்தான் இதிலிருந்து அதற்கு மாற்றினோம் என்று கண்ணால் பார்த்த பிறகும், “ஒசந்ததுலதான் நிறைய” என்று அடித்துச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) இதையே குழந்தைகளிடம் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். ஏழு வயது வாக்கில்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பிடிபடும். ஆகவே நான்கு வயதில் திருத்தாதீர்கள். நீங்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்வார்கள், நம்ப மாட்டார்கள். ஊற்றிக்கொண்டே இருக்க விடுங்கள்.

மிதப்பது, முழுகுவதற்கு ஒரு பெரிய மரக்கட்டையும் ஒரு சின்னக் கூழாங்கல்லும் வையுங்கள். போடும் முன் எது முழுகும் என்று கேளுங்கள். இந்தக் கேள்வி தாராளமாகக் கேட்கலாம், ஏனென்றால் பதிலைத் தண்ணீரே சொல்லிவிடும். கனமானதுதான் முழுகும் என்பார்கள். கட்டை மிதக்கும், கல் முழுகும். அடுத்து ஒரு களிமண் உருண்டை: போட்டால் முழுகும். அதையே தட்டையாக்கி ஓரங்களை உயர்த்தி ஓடம் செய்து விட்டால் மிதக்கும். அடர்த்தி, மிதப்புவிசை என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம்.

பதிலைப் பொருளே சொல்ல வேண்டும் என்பது புதுச் சரக்கு இல்லை. 1907இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தின் வழியில் வந்த வகுப்புகளில் ரோஜா நிறக் கோபுரம் ஒன்று இருக்கும். பத்துக் கனசதுரக் கட்டைகள். பக்கம் 1 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. வரை, ஒவ்வொன்றாகக் கூடும். வரிசை தப்பினால் கோபுரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தப்பு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எந்தப் பொருளை வைத்தாலும் இந்தச் சோதனையைப் போட்டுப் பாருங்கள்: நான் அறையில் இல்லாவிட்டாலும் இது குழந்தைக்குப் பதில் சொல்லுமா?

சாய்தளம் அப்படிச் சொல்லும். ஒரு பலகை, முட்டுக்கொடுக்கக் கட்டைகள், ஒரு பொம்மைக் கார். உயரத்தைக் கூட்டினால் கார் எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் டேப் ஒட்டிப் பார்க்கட்டும். உயரம் மாற்றும் நாளில் உயரம் மட்டும். துண்டு விரிப்பது, உப்புத்தாள் ஒட்டுவது எல்லாம் இன்னொரு நாள். வர்ணம் கலப்பதற்கு நீலமும் மஞ்சளும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

விதைக்குப் பொறுமை வேண்டும். பீன்ஸ் விதையை இரவு ஊறவைத்து, கண்ணாடிக் குவளையின் சுவருக்கும் ஈரமான தாளுக்கும் நடுவே செருகுங்கள். சில நாளில் முதலில் வேர் வரும், கீழ்நோக்கிப் போகும். வேர் கொஞ்சம் நீண்டதும் குவளையை மூடிப் படுக்கவைத்துப் பாருங்கள். வேர்நுனி வளைந்து மறுபடியும் கீழே திரும்பும். தினமும் யாராவது ஒருவர் விதையைப் பிடுங்கிப் பார்ப்பார், தடுக்க முடியாது. அதனால் பிடுங்கிப் பார்க்கவே தனியாக ஒரு குவளை வைத்துவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

பாதுகாப்பில் மட்டும் எனக்குத் தாட்சண்யம் கிடையாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் வாய்க்குள் போகும் அளவுப் பொருள் எதுவும் கூடாது. மாண்டிசோரிக் கோபுரத்தின் 1 செ.மீ. கட்டையும் இதில் சேரும். சின்னக் காந்தங்கள் எந்த வயதுக்கும் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பட்டன் பேட்டரி போட்ட பொம்மைகளும் வகுப்புக்குள் வரக் கூடாது. உறையிட்ட பெரிய கைப்பிடிக் காந்தம் போதும். டப்பில் தண்ணீர் இருக்கும்வரை ஒரு பெரியவர் அருகிலேயே இருக்க வேண்டும், முடிந்த கையோடு கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும். சில அங்குலத் தண்ணீரே சிறு குழந்தையை மூழ்கடிக்கப் போதும்.

பெற்றோர் “இன்னைக்கு என்ன எழுதினாங்க?” என்று கேட்பார்கள். நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம். குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, செய்த வேலையின் படத்தோடு கதவில் ஒட்டிவிடுங்கள். “கல்லு சின்னது, ஆனா உள்ள கனம் ஒளிஞ்சிருக்கு” என்று ஒரு பையன் சொன்னதை ஒட்டிய நாளில், அவன் அப்பா அதைப் படித்துவிட்டு நேராக டப் பக்கம் போனார்.