சுவரில் ஏறுபிடி பூட்ட முதல் சுவரைத் துளைத்துப் பாருங்கோ

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் சுவரேறும் போட்டியைச் சேர்த்தார்கள். 2021இல் அதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளில் இருந்து மகளுக்கு வேறு கதை இல்லை. பருத்தித்துறையில் ஏறிப் பழக எங்கே போவது? கையும் காலும் வைத்து ஏறுகிற பிடிகளைப் பூட்டி, பின்விறாந்தைச் சுவரில் நானே ஒரு ஏறுசுவர் செய்து கொடுத்தேன். இரண்டாம் முறைதான் சரிவந்தது.

முதலில் பழைய அறையின் சுவரில் தொடங்கினேன். ஒன்றரை அடித் தடிப்பு, எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை. துளைக்கத் துளைக்க வெள்ளைத் தூள் கொட்டியது. உள்ளே சுண்ணாம்புக்கல், இடையிடையே சுண்ணாம்புச் சாந்து. விரிந்து பிடிக்கிற அங்கர் போல்ட்டைப் போட்டு இறுக்கினேன். இரண்டு சுற்று இறுகியது, மூன்றாவதில் சும்மா சுழன்றது. கையால் இழுக்க, தூளோடு வெளியே வந்தது. மேசன் அண்ணை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உது கல்லிலை பிடிக்கேல்லை, சாந்திலைதான் நிண்டது" என்றார். அந்தப் பிடியில் மகள் தொங்கியிருந்தால் என்று நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அதனால் எதையும் வாங்க முதல் சுவரின் மூலையில் ஒரு சின்னத் துளை போட்டுப் பாருங்கோ. சாம்பல் தூள் ஒரே சீராக வந்தால் நிரம்பிய சீமெந்துக் கல். திடீரென்று ட்ரில் உள்ளே பாய்ந்தால் உள்ளே வெற்றிடம் உள்ள பொள் கல்; அதற்குத் துளைக்குள் வலைக்கூடு போட்டுத்தான் கம்பியைப் பிடிக்கிற பசையை விடவேண்டும். பூச்சு ஒன்றையும் தாங்காது, அந்த அரை அங்குலத்தைக் கணக்கிலேயே எடுக்காதேங்கோ. நாலங்குலக் கல்லில் கட்டிய வளவு மதிலில் இந்த வேலையே வேண்டாம்.

பின்விறாந்தை 6 அங்குலக் கல், நிரம்பினது. அதில் கூட ஒவ்வொரு பிடியையும் நேரே சுவரில் பூட்டவில்லை. ஒரு போல்ட்டில் ஒரு ஆளின் முழுப் பாரமும் வரக்கூடாது. கூரை மாற்றியபோது கழற்றிய பனஞ் சிலாகைகளில் நேரான மூன்றைச் சுவரில் நெடுக்காகப் பதித்து, அவற்றின் மேல் 18 மில்லிமீற்றர் பிளைவூட் அடித்தேன். 8 அடிச் சிலாகை ஒன்றுக்கு ஆறு இடத்தில், 10 மில்லிமீற்றர் புரிக்கம்பி, கெமிக்கல் அங்கர் பசையோடு (துளைக்குள் இறுகிக் கம்பியைக் கல்லோடு ஒட்டுகிற பசை). துளை 12 மில்லிமீற்றர், கல்லுக்குள் ஆழம் 90 மில்லிமீற்றர்.

துளையைத் துப்புரவாக்குவதில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. ஊதுங்கோ, கம்பித் தூரிகையால் தேயுங்கோ, திரும்ப ஊதுங்கோ. தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. மாரியில் சுவர் ஊறியிருக்கும்போது செய்யாதேங்கோ. வெயில் ஏறினால் பசை கைக்குள்ளேயே இறுகிவிடும். நான் விடிய ஆறு மணிக்கே தொடங்கினேன். டியூப்பில் போட்ட நேரம் முடியும்வரை கம்பியைத் தொடக்கூடாது. கடல்காற்றுக்குக் கம்பியும் நட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே வாங்குங்கோ.

பலகையைப் பூட்ட முதலே டீ நட்டுகளை (பிடியின் போல்ட் ஏறுகிற, பலகைக்குள் அடிக்கிற நட்டு) பின்பக்கத்தால் அடித்துவிடவேண்டும். 8 அங்குல இடைவெளியில் 72 துளை. ஒன்றும் சிலாகைக்கு மேலே வராதபடி முதலே கோடு கீறுங்கோ. பனை வைரம், திருகாணிக்கு முதல் துளை போடாவிட்டால் அதன் தலை முறியும். சிலாகையின் கால் நிலத்தில் முட்டாமல் நாலு விரல் உயர்த்துங்கோ, கறையான் நிலத்தில் இருந்து நேரே ஏறாது.

பிடிகள் சுவிஸில் இருக்கிற தம்பி கொண்டுவந்தவை. ஐரோப்பாவில் 10 மில்லிமீற்றர் புரி. கனடாவில் இருந்து வந்தால் பெரும்பாலும் 3/8 அங்குலம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நாலு சுற்றுக்குப் பிறகு சிக்கிப் புரி அழிந்துவிடும். போல்ட்டும் நட்டும் ஒரே அளவா என்று கையால் திருகிப் பாருங்கோ. பிடி சுழலாமல் நிற்க அதில் உள்ள சின்னத் துளையிலும் ஒரு திருகாணி போடுங்கோ.

கீழே சீமெந்து நிலம். இரண்டு தும்பு மெத்தையை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போட்டு, மேலே தடித்த பாயைக் கட்டினேன். உச்சிப் பிடியில் இருந்து குதிக்க விடுவதில்லை, இறங்கியே வரவேண்டும். பக்கத்தில் நான் நிற்பேன். ஞாயிறு காலையில் 8 மில்லிமீற்றர் எல் கீயோடு ஒவ்வொரு பிடியையும் இறுக்கிப் பார்ப்பது இப்போது மகளின் வேலை. முதல் மாதத்தில் ஏழு பிடி தளர்ந்திருந்தது.