பழைய கார் கிட்டில் எஞ்சினை வயரோடு கட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

பிளாஸ்டிக் கார் கிட் கட்டி முடித்து அலமாரியில் வைத்தால், பார்க்க வருபவர்கள் முதலில் செய்வது பானெட்டைத் தூக்கிப் பார்ப்பதுதான். உள்ளே ஒரே நிறத்தில் ஒரு கட்டி இருந்தால் உடனே மூடிவிடுவார்கள். வயரும் ஹோஸுமாக ஓர் எஞ்சின் இருந்தால், குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்த எஞ்சினைக் கட்டும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

1958இல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1/25 அளவில் (நிஜக் காரில் 25இல் ஒரு பங்கு), ஒரே பெட்டியை மூன்று விதமாகக் கட்டலாம் என்று கார் கிட்களைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் எஞ்சினே கிடையாது. 1960களில்தான் எஞ்சினுக்கு மவுசு வந்தது. இத்தாலியின் போச்சர் நிறுவனம் 1/8 அளவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களோடு ஆல்ஃபா ரோமியோ கிட்டையே விற்றது. அதெல்லாம் பிறகு பார்க்கலாம். தொடக்கத்துக்கு என் சிபாரிசு, ரெவெல் நிறுவனத்தின் 1/25 அளவு 1957 ஷெவ்ரலே பெல் ஏர். 1960களில் செய்த அச்சு. பலமுறை மறுபதிப்பு வந்திருக்கிறது. சீல் பிரிக்காத பழைய பெட்டிக்குப் பணம் கொட்ட வேண்டாம், மறுபதிப்பே போதும். கதவுகள் திறக்கும்படி வடிவமைத்திருப்பதால் பாடியைச் சேர்ப்பது கொஞ்சம் கஷ்டம். ஆனால் எஞ்சின் தனி வேலை என்பதால் அதை மட்டும் முதலில் கட்டிப் பழகலாம்.

1. கழுவுங்கள், பிறகு வெட்டுங்கள்

அச்சிலிருந்து எடுக்கும்போது பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவையுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து (ஸ்ப்ரூ) பாகத்தை முறித்து எடுக்காதீர்கள். சிறிய கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவி, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள்.

குரோம் பூசிய எஞ்சின் பாகங்களில் குரோம் வேண்டாதவை இருந்தால், அவற்றைத் துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் திரவத்தில் போட்டு வையுங்கள். குரோம் கரைந்து போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் எதையும் அதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

2. ஒரே நிறத்தில் வருபவற்றை முதலில் ஒட்டுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லாப் பாகத்துக்கும் தனித்தனியாக நிறம் அடித்துவிட்டு ஒட்டப் பார்ப்பார்கள். பெயின்ட் மேல் சிமென்ட் (பிளாஸ்டிக் ஒட்டும் பசை) பிடிக்காது. அதனால் பிளாக்கின் இரண்டு பாதிகள், சிலிண்டர் ஹெட்கள், ஆயில் பேன், இன்டேக் மேனிஃபோல்டு, வால்வ் கவர்கள், வாட்டர் பம்ப் ஆகியவற்றை முதலிலேயே ஒட்டிவிடுங்கள். நிஜக் காரில் இவை எல்லாமே ஆரஞ்சுதான். டியூப் பசையைவிடத் தண்ணீர் மாதிரி இருக்கும் லிக்விட் சிமென்ட் நல்லது. இணைப்பில் பிரஷ்ஷால் தொட்டால் தானாக உள்ளே ஓடும். ஒரு நாள் காயவிட்டு, நடுக்கோடு தெரியும் இடத்தில் புட்டி வைத்துத் தேயுங்கள். நிஜ வார்ப்பிரும்பு பிளாக்கின் நடுவே அப்படி ஒரு கோடு கிடையாது.

பிறகு சாம்பல் பிரைமர், அதற்கு மேல் ஆரஞ்சு. மழைநாளில் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், வெயில் வரும்வரை காத்திருங்கள். ஏர் கிளீனர், ஃபேன், டைனமோ எல்லாம் கறுப்பு. 57இல் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். ஷெவ்ரலே ஆல்டர்னேட்டருக்கு மாறியது 1963இல். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மட்டும் ஆரஞ்சு வேண்டாம். சூட்டில் வெந்த இரும்பு நிறம் வேண்டும்: கருஞ்சாம்பல் அடித்து, காய்ந்ததும் செம்பழுப்பை நன்றாக நீர்க்கவிட்டு ஒரு தடவு.

3. தடிமனைக் கணக்குப் போடுங்கள்

எஞ்சின் நிஜமாகத் தெரிவதும் பொம்மையாகத் தெரிவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கால ஸ்பார்க் பிளக் வயர் சுமார் 7 மி.மீ. தடிமன். 25ஆல் வகுத்தால் 0.28 மி.மீ. ஹீட்டர் ஹோஸ் உள்விட்டம் 16 மி.மீ., ரப்பரின் தடிமனையும் சேர்த்தால் கிட்டில் ஏறக்குறைய 0.9 மி.மீ. வரும்.

நான் முதலில் கட்டிய எஞ்சினுக்குப் பழைய இயர்போன் வயரைப் பயன்படுத்தினேன். 0.8 மி.மீ. தடிமன். ஒட்டும்போது மெல்லியதாகத்தான் தெரிந்தது. முடித்துவிட்டுப் பார்த்தால் எட்டு தோட்டத்துக் குழாய்கள் எஞ்சின் மேல் கிடந்த மாதிரி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிஜக் காரில் அது 20 மி.மீ.! அத்தனையையும் பிடுங்கினேன், பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வந்தது. அன்றிலிருந்து ஸ்கேல் வைத்து அளக்காமல் எதையும் ஒட்டுவதில்லை.

சரியான வயர் நம்ம ஊரில் சுலபமாகக் கிடைக்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 32ஆம் கேஜ் காப்பர் வயர் கேளுங்கள். 0.27 மி.மீ. இருக்கும். ஒரு சின்னத் துண்டு நாலைந்து காருக்கு வரும்.

4. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒன்பது துளை

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்தான் டிஸ்ட்ரிபியூட்டர். எட்டு பிளக்குக்கு எட்டுத் துளை, இக்னிஷன் காயிலுக்கு நடுவில் ஒன்று. இந்த வேலைக்கு நல்ல வெளிச்சமும் நிதானமும் வேண்டும். கிட்டில் வரும் டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் பெரும்பாலும் துளை இருக்காது. கையால் சுற்றும் பின் வைஸில் 0.35 மி.மீ. டிரில்லை மாட்டுங்கள். நேரடியாகத் துளைக்கப் போனால் வழுக்கும். முதலில் ஊசி முனையால் நடுவே ஒரு குழி. பிறகு கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் நான்கு, அவற்றுக்கு இடையில் நான்கு. குழியில் டிரில்லை வைத்து, அழுத்தாமல் விரலால் உருட்டுங்கள். 1 மி.மீ. ஆழம் போதும். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும், ஊதிவிட்டுத் தொடருங்கள். இரண்டு துளை ஒன்றாகிவிட்டால், 2.5 மி.மீ. ஸ்ப்ரூத் துண்டில் புதிதாக ஒரு மூடி செய்துகொள்ளலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் இடமும் முக்கியம். ஷெவ்ரலேயின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினில் அது பின்னால், எஞ்சினையும் பயணிகள் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் ஓரம் இருக்கும். 1960களின் ஃபோர்டு 289 எஞ்சினில் முன்னால். இரண்டையும் மாற்றி வைத்தால், காரைத் தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்.

5. வயர் எந்த வழியில் போகிறது?

பல பேர் எட்டு வயரையும் வால்வ் கவருக்கு மேலே வளைத்துக் காட்டுவார்கள். பந்தயத்துக்கு மாற்றிய காரில் அப்படி இருக்கும். கம்பெனியிலிருந்து வந்த 57இல் வயர்கள் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எஞ்சினுக்குப் பின்பக்கமாகக் கீழே இறங்கி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில் முன்னோக்கி ஓடி, பிளக்கைப் போய்ச் சேரும். பிளக் இருப்பதும் மேனிஃபோல்டுக்குக் கீழேதான். இந்த வழியைப் பின்பற்றுங்கள், எஞ்சின் சட்டென்று நிஜமாகிவிடும். மேனிஃபோல்டை ஒட்டுவதற்கு முன்பே பிளக் துளைகளைப் போட்டுவிடுங்கள்.

ஓட்டுநர் பக்கம் (அமெரிக்கக் காரில் அது இடப்பக்கம்) சிலிண்டர்களின் எண் முன்னாலிருந்து 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. மூடியில் ஒரு துளையை 1 என்று வைத்துக்கொண்டு, மேலிருந்து பார்த்து வலஞ்சுழியாக 1-8-4-3-6-5-7-2 என்று வயர்களைச் சொருகுங்கள். நிஜ எஞ்சினில் தீப்பொறி போகும் வரிசை இதுதான். வெளியே தெரியாதே என்று சிலர் கேட்பார்கள். ஆனால் வரிசைப்படி சொருகினால் வயர்கள் ஒன்றையொன்று தாண்டும் விதமே சரியாக வந்துவிடும். கண்ணுக்கு அது தெரியும்.

வயரை 5 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். முனையை ஊசியால் தொட்டு எடுத்த துளி ஃபெவிக்விக்கில் நனைத்து, இடுக்கியால் துளையில் வையுங்கள். துளி பெரிதானால் ஆவி படிந்து சுற்றிலும் வெளுத்துவிடும். எட்டும் இறுகியதும் வளைத்துக் கீழே இறக்கி, பிளக் துளையில் சொருகி, மிச்சத்தை நறுக்குங்கள். கறுப்பு பெயின்ட்டைக் கடைசியில் அடியுங்கள். காப்பர் வயரில் முதலிலேயே அடித்தால் வளைக்கும்போது உதிர்ந்துவிடும். ஒன்பதாவது வயர், மூடியின் நடுத்துளையிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் இக்னிஷன் காயிலுக்கு.

6. உட்காரவைப்பது

கறுப்பும் பழுப்பும் கலந்த எனாமலைத் தின்னரில் நன்றாக நீர்க்கவிட்டு, போல்ட்டைச் சுற்றியும் இடுக்குகளிலும் ஓடவிடுங்கள். உலர்ந்ததும், வெள்ளி பெயின்ட்டைத் தொட்டுத் துணியில் துடைத்த பிரஷ்ஷால் போல்ட் தலைகளை லேசாக வருடுங்கள்.

எஞ்சினைச் சேசிஸில் வைத்துப் பாருங்கள், ஒட்ட வேண்டாம். ஏர் கிளீனரை மேலே வைத்து, பாடியைப் பொருத்தி, பானெட்டை மூடுங்கள். முட்டினால் ஏர் கிளீனரின் அடிப்பாகத்தை அரத்தால் அரை மி.மீ. தேய்த்துவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். தடையில்லாமல் மூடிய பிறகு, எஞ்சின் உட்காரும் மவுண்ட்களில் சிமென்ட் வையுங்கள். ரேடியேட்டர் ஹோஸையும் ஹீட்டர் ஹோஸ்களையும் எஞ்சின் இறுகி உட்கார்ந்ததற்கு அப்புறம்தான் மாட்ட வேண்டும்.