ரீலோடிங்குக்கு முன்னால் காலித் தோட்டா உறைகளைக் கழுவுவது எப்படி

ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலில், சுட்டு முடித்ததும் காலடியில் கிடக்கிற பித்தளை உறைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, புது பிரைமர் (துப்பாக்கி ஊசி குத்தியதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடியும் தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். நான் இருக்கிற டெக்சாஸில் வார இறுதியில் கராஜில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம், அதனால் ஊரிலிருந்து படிக்கிறவர்கள் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே புதிதாக ஆரம்பிக்கிற நம் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எப்படி இவ்வளவு பளபளன்னு வருது?" என்பதுதான். பளபளப்பால் குண்டு ஒரு அங்குலம்கூட நேராகப் போய்விடாது. கழுவுவதற்கு இரண்டு காரணம் போதும்: உறையில் ஒட்டிய மண்ணும் கரியும் ரீலோடிங் டையை (உறையைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) கீறிவிடும், அப்புறம் அழுக்கு மூடியிருந்தால் விரிசல் கண்ணில் படாது. .223 ரைஃபிள் உறைக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறும், அதை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் கசியவிடாமல் அடைத்து நிற்பது அந்த மெல்லிய பித்தளைதான். அதனால் விரிசலைப் பார்க்காமல் விடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஈயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். பெரும்பாலான பிரைமர்களில் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட் என்கிற ஈயச் சேர்மம். அது வெடித்த பிறகு மிஞ்சும் சாம்பல் உறையின் உள்பக்கத்திலும் பிரைமர் குழியிலும் படிந்திருக்கும், நாம் சுத்தம் செய்வது முழுக்க அதைத்தான். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தால் கவனிக்க வேண்டும் என்கிற அளவை அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021-ல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதும் அவர்கள் சொல்வதுதான். ஆகவே சமையலறை சிங்க் வேண்டாம், சமைக்கிற பாத்திரம் வேண்டாம், வடிகட்டியைக்கூடத் தனியாக வாங்குங்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், அந்தச் சட்டையோடு போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். எனக்கு இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்தலே கிடையாது.

சரி, உறைகளைக் கொட்டிப் பிரிக்க ஆரம்பிக்கலாம். பொறுக்கி வந்ததில் சுடாத தோட்டா ஏதாவது கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதோடு பிரைமரில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இல்லாத உறையையும் தனியே வையுங்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பு உறைகள் ஒட்டிக்கொள்ளும், அவற்றைக் கழித்துவிடுங்கள். அப்புறம் அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும், இதில் சோம்பல்பட்டால் பின்னால் வேலை இரட்டிப்பாகும்: கைத்துப்பாக்கி அளவுகளில் 9 எம்எம் உறை .40 உறைக்குள் போய் உட்காரும், .40 போய் .45-க்குள் உட்காரும், கழுவும் இயந்திரத்தில் உருளும்போது ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டால் இரண்டுமே உள்ளே சுத்தமாகாது, பிரித்தெடுக்கக் குறடு வேண்டியிருக்கும்.

அடுத்தது, பழைய பிரைமரைத் தள்ளிவிடுவது. ஈர முறையில் கழுவப் போகிறீர்கள் என்றால் இதை முன்னாலேயே செய்துவிடுங்கள், அப்போதுதான் பிரைமர் குழியும் சுத்தமாகும், தண்ணீரும் அங்கே தேங்காது. உறையின் சுவரைத் தொடாமல் பிரைமரை மட்டும் தள்ளுகிற டிகேப்பிங் டை தனியாகக் கிடைக்கிறது, அழுக்கு உறைக்கு அதுதான் சரி. சில நாட்டு ராணுவத் தோட்டாக்களில் பெர்டன் என்கிற வேறு வகைப் பிரைமர் இருக்கும், உறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு ஓட்டைக்குப் பதிலாக ஓரமாக இரண்டு சின்ன ஓட்டைகள் தெரியும். அதை டையில் வைத்து அமுக்கினால் டையின் ஊசி உடைந்துபோகும்.

கழுவுகிற முறைகளில் உலர் முறை ஒன்று, ஈர முறை ஒன்று. ஒலியதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியும் உண்டு, குறைந்த எண்ணிக்கைக்கு நல்லது, ஆனால் பெரிய குவியலுக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை.

உலர் முறையில் டம்ளர் என்று சொல்லப்படும் அதிர்கிற தொட்டி இயந்திரத்தில் வால்நட் ஓட்டுத் தூளையோ மக்காச்சோளச் சக்கைத் தூளையோ முக்கால் பாகம் நிரப்பி, உறைகளைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட வேண்டும். வால்நட் கொஞ்சம் சொரசொரப்பு, அழுக்கை அரிக்கும். சோளச்சக்கை மெருகு தரும். துணி உலர்த்தியில் போடும் டிரையர் ஷீட்டில் பழையது ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே போட்டால் தூசியை இழுத்துக்கொள்ளும். ஆனாலும் மூடியைத் திறக்கும்போது எழும்புகிற அந்தச் சாம்பல் தூசியில்தான் ஈயம் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே வைத்து ஓட்டுங்கள், தூளைப் பிரிக்கும்போது முகக்கவசம் போடுங்கள். குழந்தைகள் இருக்கிற வீடு என்பதால் நான் உலர் முறையையே விட்டுவிட்டேன்.

ஈர முறையில் தூசி கிளம்பாது. சுழல்கிற டிரம்மில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகள் 5 பவுண்டு, அதற்கு மேல் உறைகள், உறைகள் மூழ்கும்படி தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பு நீர், கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட். சிட்ரிக் ஆசிட் வேறொன்றும் இல்லை, மளிகைக் கடையில் கிடைக்கிற எலுமிச்சை உப்புதான். அம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பார்களே, அந்த அமிலம் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது, கறுத்த படலத்தைக் கரைத்துவிடும். புளியோடு கல் உப்பும் சேர்ப்பது வழக்கம், இங்கே உப்பைச் சேர்க்காதீர்கள், குளோரைடு மிச்சமிருந்தால் பித்தளையை அரிக்கும். எலுமிச்சை உப்பிலும் அளவு முக்கியம். ஆரம்பத்தில் நான் ஒரு டேபிள்ஸ்பூன் நிறையப் போட்டுவிட்டேன், இருநூறு உறைகளும் ரோஜா நிறமாக வந்தன. தோட்டாப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு; அமிலம் அதிகமானால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் தலைகாட்டும்.

ஒன்றரை மணி நேரம் ஓடினால் போதும். மூன்று நான்கு மணி நேரம் விட்டால் உறைகள் ஒன்றோடு ஒன்று மோதி வாய் ஓரம் நசுங்க ஆரம்பிக்கும். மூடியைத் திறந்தால் தண்ணீர் பென்சில் கரி மாதிரி கறுப்பாக, மேலே சாம்பல் நிற நுரையோடு இருக்கும், அடியில் ஒரு வண்டல். அந்தத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. கறிவேப்பிலைத் தொட்டிக்கோ புல்தரைக்கோ ஊற்றிவிடாதீர்கள், நான் மூடியுள்ள வாளியில் சேர்த்து, உள்ளூரில் அபாயக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுகிறேன். முதல் இரண்டு அலசலையும் அதே வாளியில் பிடித்துக்கொண்டு, பிறகு நுரை முழுக்கப் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஊசிகளைப் பிரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. சல்லடைக் கூடையில் உறைகளைப் போட்டுத் தண்ணீருக்குள் முக்கியபடி சுற்றினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆனால் .223 மாதிரி கழுத்துக் குறுகிய உறைகளில் ஊசிகள் சேர்ந்து சிக்கிக்கொள்ளும், பிரைமர் ஓட்டையிலும் இறுகி நிற்கும். ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் விடாதீர்கள். உள்ளே ஊசி தங்கிப்போன உறையில் மருந்து போட்டுச் சுட்டால் அந்த இரும்புத் துண்டு துப்பாக்கிக் குழல் வழியாகத்தான் வெளியே போகும்.

இப்போது அமோனியா. பித்தளையைப் பளபளப்பாக்கும் பாலிஷ் சிலவற்றில் அது கலந்திருக்கும், ஜன்னல் துடைக்கும் நீரிலும் இருக்கும், வாங்கும்போது லேபிளைப் பாருங்கள், அமோனியா இருந்தால் உறைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். இதை உலகம் கற்றுக்கொண்டது நம் நாட்டில்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் சுடாத தோட்டாக்களின் உறைகள் தானாக விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் இதைச் செய்தன என்பது 1921-ல்தான் விளக்கப்பட்டது. மழைக்கால விரிசல் என்பதால் சீசன் கிராக்கிங் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நம் உறைகளும் அதே பித்தளைதான்.

கழுவியதை ஈரத்தோடு விட்டால் கறை பிடிக்கும். பழைய துண்டில் கொட்டி, துண்டின் இரண்டு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் உருட்டுங்கள், வெளிப்பக்க ஈரம் போய்விடும். அப்புறம் இங்கே அடிக்கிற வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்தாலே போதும், குளிர்காலத்தில் இதற்கென்றே வாங்கிய பழம் உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். சமையல் ஓவனில் வைக்காதீர்கள், ஈயம் ஒரு காரணம், சூடு இன்னொரு காரணம். 250 டிகிரி செல்சியஸ் வாக்கில் பித்தளை இளக ஆரம்பித்துவிடும், அடிப்பாகம் இளகிய உறை அழுத்தத்தைத் தாங்காது. பிரைமர் குழியில் ஒரு சொட்டு ஈரம் மிஞ்சினாலும் புது பிரைமர் வெடிக்காமல் போகலாம், அவசரம் வேண்டாம்.

காய்ந்த உறைகளை இனிக் கையில் எடுத்துப் பாருங்கள், இத்தனை பாடும் இதற்காகத்தான். வாய் ஓரத்திலும் கழுத்திலும் மயிரிழை போலக் கோடு தெரிகிறதா? ரைஃபிள் உறை என்றால் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே, வெளிச்சத்தில் திருப்பும்போது, மற்ற இடத்தைவிட வெளிறிய பளிச்சென்ற ஒரு வளையம் சுற்றி ஓடுகிறதா? அந்த இடத்தில் சுவர் உள்ளே மெலிந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஓரிரு முறை சுட்டால் உறை இரண்டாக அறுந்துபோகும். சந்தேகம் இருந்தால் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் கொக்கி போல வளைத்து, உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே சுவரை உரசிக்கொண்டே இழுங்கள். மெலிந்த இடத்தில் கொக்கி ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கும், விரல் நுனியில் நன்றாகத் தெரியும். தெரிந்தால் அந்த உறையைக் குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டுவிடுங்கள், நசுக்காமல் போட்டால் என்றைக்காவது நல்ல குவியலில் கலந்துவிடும். தேறியவற்றை மூடியுள்ள பெட்டியில் போட்டு, எத்தனை முறை சுட்டது என்று மேலே எழுதி வையுங்கள்.